வாளை அடித்தவரும் காத்தவரும்



1945 டிசம்பர் மாதம். போரில் தோற்ற ஜப்பானில், வீடுகளில் உள்ள ஆயுதங்களையெல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று நேச நாட்டுப் படை உத்தரவிட்டிருந்தது. டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்துக்கு டோக்குகாவா குடும்பத்தின் வாள்கள் வந்து சேர்ந்தன. கொடுத்தவர், இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஜப்பானை ஆண்ட ஷோகன்களின் வாரிசான டோக்குகாவா இயெமசா. அந்த வாள்களில் ஒன்றுக்குப் பெயர் ஹோன்ஜோ மசமுனே. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காமக்கூரா நகரில் பட்டறை வைத்திருந்த மசமுனே என்ற கொல்லரின் கைவேலை அது. 1939-இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. சில வாரங்களில் அமெரிக்கப் படையைச் சேர்ந்த ஒருவரிடம் காவல் நிலையம் அதைக் கொடுத்தது. அதன் பிறகு அந்த வாளை யாரும் பார்க்கவில்லை.

ஆறு நூற்றாண்டுக்கு மேல் போர்களையும் தீவிபத்துகளையும் ஆட்சி மாற்றங்களையும் தாண்டி வந்த ஒரு பொருள், காக்க ஆளில்லாத சில வாரங்களில் தொலைந்துபோனது. ஜப்பானிய வாளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அடித்த கொல்லரின் பெருமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தச் சொற்பொழிவு காத்தவர்களையும் கொல்லர்களுக்குச் சமமாக வைத்துப் பேசுகிறது. சாணைக்காரர், மதிப்பீட்டாளர், கோயில்கள், பழைய குடும்பங்கள், அண்மைக் காலத்தில் ஒரு சிறிய நகரசபை என்று அந்த வரிசை நீளும்.

முதலில் எஃகு. ஜப்பானில் நல்ல இரும்புப் பாறை குறைவு. ஆறுகளிலும் மலைச்சரிவுகளிலும் கிடைக்கும் கருமணல்தான் அவர்களுக்கு இரும்பின் ஊற்று. மேற்கே ஷிமானே மாநிலத்தின் ஒக்குயிசுமோ மலைப்பகுதியில் அந்த மணலை உருக்கும் பழைய முறை இன்றும் நடக்கிறது. அந்த உலைக்குத் தத்தாரா என்று பெயர். களிமண்ணால் தொட்டி போல ஓர் உலை கட்டுகிறார்கள். குளிர்காலத்தில் தீ மூட்டி மூன்று பகல், மூன்று இரவு அணையாமல் எரிக்கிறார்கள். ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு முறை மரக்கரியும் கருமணலும் மாறி மாறி விழுகின்றன. உலையை நடத்தும் மூத்தவருக்கு முராகே என்று பெயர். சுடரின் நிறத்தையும் காற்று உள்ளே போகும் ஓசையையும் வைத்தே உலையின் வயிற்றில் என்ன நடக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். மூன்றாம் நாள் முடியும்போது களிமண் சுவரைக் கசடு அரித்து மெலிய வைத்துவிட்டிருக்கும். சுவரை இடித்துத் தள்ளினால் அடியில் செந்தழலாக ஒரு பெரிய எஃகுப் பாளம் கிடக்கும்.

சுமார் 10 டன் கருமணலும் 12 டன் மரக்கரியும் போட்டால் 2.5 டன் அளவுக்கு ஒரு பாளம் கிடைக்கிறது. வாளுக்குத் தகுந்த முதல்தர எஃகு அதில் ஒரு பகுதிதான். அதற்குத் தமாஹகானே என்று பெயர். உலை ஒவ்வொரு முறையும் உடைக்கப்படுவதால் அடுத்த முறை புதிதாகக் கட்ட வேண்டும்.

தமாஹகானே உடைந்த சில்லுகளாகக் கொல்லர் கைக்கு வருகிறது. அவற்றின் கரிச்சத்து ஒரே அளவில் இருக்காது. ஒவ்வொரு சில்லையும் காய்ச்சித் தகடாகத் தட்டித் தண்ணீரில் தோய்க்கிறார். பிறகு சிறு சம்மட்டியால் அடிக்கிறார். பட்டென்று உடைந்தால் கரிச்சத்து அதிகம். வளைந்து கொடுத்தால் குறைவு. உடைந்த வாயில் தெரியும் மணியைப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரிக்கிறார். பிரித்த துண்டுகளை ஒரு கைப்பிடித் தகட்டின் மேல் சுவர் எழுப்புவது போல் நெருக்கி அடுக்கி, ஈரத்தாளால் சுற்றி, வைக்கோல் சாம்பலில் புரட்டி, மேலே களிமண் கரைசலை ஊற்றுகிறார். உலைக்குள் போனதும் சாம்பலும் மண்ணும் உருகிக் கண்ணாடிப் படலமாக எஃகை மூடிக்கொள்ளும். காற்று பட்டு எஃகு எரிந்துபோகாமல் அந்தப் படலம்தான் காக்கிறது.

அடுத்தது மடிப்பு. காய்ச்சி, நீட்டி, நடுவே உளியால் வெட்டி, மடித்து, மறுபடியும் ஒன்றாக அடிப்பது. 15 முறை மடித்தால் கணக்குப்படி 32,768 அடுக்குகள் வரும். எத்தனை மடிப்போ அத்தனை வலிமை என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. கசடைப் பிழிந்து வெளியேற்றுவதும் கரிச்சத்தை எல்லா இடத்திலும் சமமாகப் பரப்புவதுமே மடிப்பின் வேலை. ஒவ்வொரு மடிப்பிலும் கரிச்சத்து கொஞ்சம் எரிந்துபோகிறது, எஃகும் பொறியாகச் சிதறிக் குறைகிறது. எல்லை தாண்டி மடித்தால் கூர் நிற்காத மென்மையான இரும்புதான் மிஞ்சும். எங்கே நிறுத்துவது என்று அறிவதில் கொல்லரின் திறமை இருக்கிறது. மடித்த கடின எஃகை வெளித்தோலாகவும், கரிச்சத்து குறைந்த மென்மையான இரும்பை உள்ளீடாகவும் வைத்து ஒன்றாக அடிப்பது பரவலான முறை. வெளித்தோல் கூரைத் தாங்கும்; உள்ளீடு அடியை வாங்கிக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் அது வெறும் எஃகுப் பட்டைதான். அதை வாளாக்குவது சில நொடிகளில் முடிந்துவிடும் ஒரு தோய்ப்பு. களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் மூன்றையும் குழைத்துப் பட்டையின் முதுகில் தடிப்பாகவும் வாயில் மெலிதாகவும் பூசுகிறார் கொல்லர். பட்டறையை இருட்டாக்கிவிட்டு வாளைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சுகிறார். வெப்பமானி கிடையாது. எஃகின் நிறம்தான் அளவு. அந்த நிறத்தைப் பார்க்கவே இருட்டு. சுமார் 750, 800 டிகிரியில் எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் செலுத்துகிறார். மெலிதாகப் பூசிய வாய் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகிறது. தடித்த பூச்சுக்குள் இருக்கும் முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவே நிற்கிறது. கடினமான பகுதி கொஞ்சம் விரிவடையும். அந்த விரிவு வாளைப் பின்னால் தள்ளி வளைக்கிறது. சாமுராய் வாளின் புகழ்பெற்ற வளைவில் பெரும்பங்கு இந்தத் தொட்டிக்குள் பிறந்தது. எல்லா வாளும் பிழைப்பதில்லை. சிலவற்றின் வாயில் மெல்லிய விரிசல் விழும். மாதக் கணக்கான உழைப்பு அந்தக் கணத்தில் போய்விடும்.

தண்ணீரின் வெப்பத்தைக் கொல்லர்கள் குடும்ப ரகசியமாக வைத்திருந்தார்கள். அதைத் திருட்டுத்தனமாக அறியத் தொட்டியில் கைவிட்ட சீடனின் கையை ஆசான் வெட்டிவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. தோய்ப்புக்கு ஏற்ற தண்ணீர் கிடைக்கும் மாதங்கள் என்று கருதியதாலோ என்னவோ, பழைய வாள்களில் மாதம் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் மாதமாகவோ எட்டாம் மாதமாகவோ இருக்கும்.

கடினமான வாயும் மென்மையான உடலும் சந்திக்கும் எல்லை வாள் நெடுகப் பால்நிறக் கோடாகத் தெரியும். ஹமோன் என்பது அதற்குப் பெயர். பிசென் பகுதிக் கொல்லர்கள் இந்தக் கோட்டைக் கிராம்பு மொட்டுகளை வரிசையாக அடுக்கியது போல் அமைத்தார்கள். காமக்கூராவின் சோஷூ மரபினர் எஃகு மணிகள் கண்ணுக்குத் தனித்தனியாக மின்னும்படி துணிச்சலாகக் காய்ச்சினார்கள். கியோட்டோவைச் சேர்ந்த யமஷிரோ மரபின் வேலை அடக்கமானது. யமதோ, மினோ இரண்டையும் சேர்த்து ஐந்து பெரும் மரபுகள் என்பார்கள். பயிற்சி உள்ளவர் கையெழுத்தைப் பார்க்காமலேயே ஊரையும் காலத்தையும் பல நேரம் கொல்லரையும் சொல்லிவிடுவது இந்தக் கோட்டையும் எஃகின் நரம்போட்டத்தையும் வைத்துத்தான்.

ஆனால் அந்தக் கோடு தானாகத் தெரிந்துவிடாது. இங்கேதான் சாணைக்காரர் வருகிறார். கொரகொரப்பான கல்லில் தொடங்கி, படிப்படியாக மென்மையான கற்களுக்குப் போய், கியோட்டோ மலைகளில் வெட்டிய மிக மென்மையான கல்லில் முடிக்கிறார். கடைசிக் கட்டத்தில் அந்தக் கல்லை மெல்லிய சில்லாகச் சீவித் தாளில் ஒட்டி, கட்டைவிரலின் கீழ் வைத்து வாளின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார். எண்ணெயில் கலந்த இரும்பு ஆக்சைடுத் தூளைத் தடவி உடலின் நிறத்தைக் கறுக்க வைக்கிறார். எஃகு ஊசியால் முதுகை மெருகேற்றுகிறார். ஒரு வாளுக்கு வாரக் கணக்கில் ஆகும். தண்ணீருக்கு முன் குந்தி, ஒரு காலால் கல்லை அழுத்திப் பிடித்தபடி செய்யும் வேலை அது.

ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் வாள் கொஞ்சம் தேய்கிறது. கடின எஃகுத்தோல் மெல்லியது. பல தலைமுறைகள் தாராளமாகச் சாணை பிடித்த வாளில் தோல் கரைந்து உள்ளீட்டு இரும்பு திட்டுத்திட்டாக எட்டிப்பார்க்கும். அந்த நிலைக்கு வந்த வாளைக் களைத்துப்போன வாள் என்பார்கள். அதற்கு மருந்து இல்லை. ஆகவே சாணைக்காரரின் பெருமை எவ்வளவு தேய்த்தார் என்பதில் இல்லை, எவ்வளவு குறைவாகத் தேய்த்துத் துருவை எடுத்தார் என்பதில் இருக்கிறது. 700, 800 ஆண்டுகளுக்கு முந்தைய வாள் ஒன்று இன்றும் தடிப்பு குறையாமல் இருந்தால், இடையில் வந்த ஒவ்வொரு கையும் தன்னை அடக்கிக்கொண்டது என்றே பொருள். கொல்லரின் திறமைக்கு இணையாக மதிக்க வேண்டிய அடக்கம் அது.

வரலாற்றுக்கு வருவோம். சாமுராய் என்றதும் வாள் நினைவுக்கு வருவது பிற்காலப் பழக்கம். தொடக்கத்தில் அவர் குதிரை மேல் இருந்து அம்பு எய்தவர். போர்வீரனின் நெறியை வில்லும் குதிரையும் என்றே அழைத்தார்கள். வாளும் முதலில் நேராகவே இருந்தது. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வளைந்த வாள் நிலைபெற்றது. இடுப்பில் கூர்வாய் கீழ்நோக்கித் தொங்கும் இந்த நீண்ட வாள் தாச்சி. பிற்காலத்தில் கூர்வாய் மேல்நோக்கி இருக்க இடைவாரில் செருகியது கட்டானா. உருவிய வேகத்திலேயே வெட்டலாம் என்பது அதன் வசதி. வாள் வேலையில் அரச குடும்பமும் ஈடுபட்டது: பதவி துறந்த பேரரசர் கோதோபா கொல்லர்களை முறைவைத்து அரண்மனைக்கு அழைத்துத் தாமும் உலைமுன் நின்றவர். 1221-இல் போரில் தோற்று ஒக்கித் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

எல்லா வாளும் கலைப்பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. 15-ஆம் நூற்றாண்டில் மிங் சீனத்துக்குப் போன வணிகக் கப்பல்களில் ஒரே பயணத்தில் 30,000-க்கும் மேற்பட்ட வாள்கள் ஏற்றப்பட்டதுண்டு. உள்நாட்டுப் போர்கள் மூண்ட காலத்தில் காலாட்படைக்கு அவசரமாக அடித்துத் தள்ளிய வாள்கள் எண்ணற்றவை. 1588-இல் நாட்டை ஆண்ட டொயோட்டோமி ஹிதேயோஷி உழவர்களிடமிருந்த வாள்களைப் பறிமுதல் செய்தார். கியோட்டோவில் எழும்பிய பெரிய புத்தர் ஆலயத்துக்கு ஆணிகளாகவும் பட்டைகளாகவும் அவை பயன்படும் என்று காரணம் சொன்னார். அதே நூற்றாண்டின் இறுதியில் யோஷீ ஆற்று வெள்ளம் பிசென் ஒசாஃபுனேக் கொல்லர் ஊரை அடித்துக்கொண்டு போனது. நாட்டிலேயே பெரிய வாள் ஊர் அது.

டோக்குகாவா ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்து அமைதியில் வாள் தகுதியின் அடையாளமானது. அதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. கூர் சோதிக்க மரண தண்டனை பெற்றவர்களின் உடல்களை வெட்டிப் பார்த்தார்கள். யமதா அசயெமோன் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய குடும்பம் அந்த வேலையைச் செய்தது. எத்தனை உடல்களை வாள் கடந்தது என்று சில வாள்களின் காம்பில் தங்க எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அழகைப் பேசும்போது இதையும் பேசித்தான் ஆக வேண்டும். அந்த எழுத்துகளை அருங்காட்சியகங்களும் மறைப்பதில்லை.

காம்பு என்றது கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியை. ஒரு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்று காம்பு வெளியே வரும். கொல்லர் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் உளியால் வெட்டுவது அங்கேதான். அரத்தின் வரிகள்கூட ஊருக்கு ஊர், மரபுக்கு மரபு வேறுபடும். காம்பில் படிந்த கருந்துருவை யாரும் துடைக்கக் கூடாது. வயதைச் சொல்லும் சாட்சி அதுவே. ஒரு துண்டு உப்புத்தாளை வைத்து அந்தத் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால், ஒரு பழைய வாளின் பிறப்புச் சான்றைக் கிழித்தது போல ஆகிவிடும்.

காம்பின் கதைக்குச் 'சோசா சமோன்ஜி' என்ற ஒரு வாள் போதும். 1560-இல் ஒக்கேஹசமா போரில் இமகாவா யோஷிமோதோவை வீழ்த்திய போர்த்தலைவர் ஓதா நோபுநாகா, அவர் வைத்திருந்த இந்த வாளை எடுத்துக்கொண்டார். காம்பைச் சுருக்கி, யோஷிமோதோ வீழ்ந்த நாளில் அவர் வைத்திருந்த வாள் இது என்று ஒரு பக்கத்திலும், தம் பெயரை மறுபக்கத்திலும் தங்கத்தில் பதித்தார். நோபுநாகாவுக்குப் பின் ஹிதேயோஷி கைக்கும், பின்னர் டோக்குகாவா குடும்பத்துக்கும் போனது. 1657-இல் எடோ நகரத்தையே (இன்றைய டோக்கியோ) எரித்த பெருந்தீயில் இந்த வாளும் வெந்தது. தீயில் வெந்த வாள் தன் கடினத்தை இழந்துவிடும், ஹமோனும் மறைந்துவிடும். தூக்கி எறியாமல் மறுபடி களிமண் பூசிக் காய்ச்சித் தோய்த்தார்கள். ஷோகன் ஆட்சி முடிந்து வந்த மெய்ஜி காலத்தில், நோபுநாகாவை வழிபடும் கியோட்டோவின் கென்குன் கோயிலுக்கு அது வந்து சேர்ந்தது. இன்று அந்த வாளில் தெரியும் ஹமோன் முதலில் அடித்த கொல்லருடையதல்ல. ஆனாலும் அதை யாரும் போலி என்று ஒதுக்குவதில்லை.

இப்படி உயிர்கொடுத்தவர்களில் பெரியவர் எச்சிசென் யசுத்சுகு. 1615-இல் ஒசாக்கா கோட்டை விழுந்தபோது எரிந்த பல பெயர்பெற்ற வாள்களை டோக்குகாவா இயெயாசுவின் உத்தரவுப்படி அவரே மீண்டும் தோய்த்தார். அவருடைய சொந்த வாள்களில், தென்கடல் வழியாக வந்த அயல்நாட்டு இரும்பால் செய்தது என்று பெருமையோடு பொறித்திருப்பதைக் காணலாம். போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் கொண்டுவந்த அந்த இரும்பில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்து போனது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

மதிப்பீட்டையும் சாணையையும் தலைமுறைத் தொழிலாகச் செய்தது ஹோனமி குடும்பம். 1719-இல் எட்டாம் ஷோகன் யோஷிமுனே கேட்டுக்கொண்டபடி பெரும் பிரபுக்களிடம் இருந்த பெயர்பெற்ற வாள்களின் பட்டியலை அவர்கள் தொகுத்துக் கொடுத்தார்கள். தீயில் அழிந்தவற்றையும் அதில் விடாமல் சேர்த்தார்கள். மசமுனேயின் கையெழுத்துள்ள வாள்கள் மிகச் சில. அவருடையவை என்று இன்று போற்றப்படும் பல வாள்களுக்கு ஹோனமி குடும்பத்தாரின் சொல்லே அடிப்படை.

1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதை மெய்ஜி அரசு தடை செய்தது. கொல்லர்கள் அரிவாளும் கத்தியும் அடிக்கப் போனார்கள். 1930-களில் ராணுவம் வாளைத் திரும்ப அழைத்தது. அதிகாரிகளுக்காக ஒக்குயிசுமோவில் 1933-இல் மூட்டிய தத்தாரா 1945 வரை எரிந்தது. அதே நேரத்தில் ஆலைகளில் மடிப்பும் மரபும் இல்லாமல் தயாரான ராணுவ வாள்கள் பெருமளவில் வெளிவந்தன. அவற்றை ஜப்பானில் இன்றும் கலைப்பொருளாகப் பதிவு செய்ய முடியாது. அந்தக் கண்டிப்பு சரியானது. ஆசிய நாடுகளில் பலர் அந்த வாள்களின் நினைவை இன்னும் சுமக்கிறார்கள்.

போர் முடிந்து வாள்கள் குவியல் குவியலாக அள்ளப்பட்டபோது, டோக்கியோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹோன்மா ஜுன்ஜியும் சாத்தோ கன்சானும் ஆக்கிரமிப்புப் படை அதிகாரிகளிடம் போய் வாதாடினார்கள். இவை ஆயுதம் மட்டுமே என்றால் புத்தர் சிலையும் வெறும் மரம்தான் என்ற அளவுக்கு அவர்களுக்கு அதில் உறுதி இருந்தது. படை அதிகாரி விக்டர் கேட்வெல் காது கொடுத்துக் கேட்டார். கலைமதிப்புள்ள வாள்களைத் தனியே பிரிக்க அனுமதி கிடைத்தது. அக்கபானே என்ற இடத்து அமெரிக்கக் கிடங்கில் குவிந்தவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட வாள்கள் 1947-இல் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தன. உரியவர் தெரியாத வாள்களை 1999-இல் நாட்டின் பல பொது அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1948-இல் ஹோன்மாவும் சாத்தோவும் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒக்குயிசுமோவில் அணைந்துபோன தத்தாராவை 1977-இல் மறுபடி மூட்டியது அந்தச் சங்கம்தான்.

இப்போது வாளுக்குப் பதிவுச் சீட்டு உண்டு. சீட்டு வாளோடு போகும், உரிமையாளர் மாறினாலும் சீட்டு மாறாது. கொல்லராக வேண்டுமானால் உரிமம் பெற்ற ஆசானிடம் பல ஆண்டுகள் சீடராக இருந்து, அரசு நடத்தும் பயிற்சியிலும் தேற வேண்டும். உரிமம் கிடைத்த பிறகும் மாதத்துக்கு இரண்டு நீண்ட வாள் அல்லது மூன்று குறுவாளுக்கு மேல் அடிக்க முடியாது. அவசரத்தில் மோசமான வாள் வராமல் தடுக்க இந்த வரம்பு உதவுகிறது. ஆனால் சீடர்கள் சம்பளமில்லாமல் ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். இளைஞர்கள் தயங்குவதில் வியப்பில்லை. இதற்கு அரசு இன்னும் தாராளமாக உதவ வேண்டும்.

எதிர்பாராத இடத்திலிருந்து வந்த உதவியும் ஒன்று உண்டு. 2015-இல் வெளிவந்த 'தோக்கென் ரன்பு' என்ற கணினி விளையாட்டு புகழ்பெற்ற வாள்களை இளைஞர்களாக உருவகித்தது. அதை விளையாடிய பெண்கள் உண்மையான வாள்களைப் பார்க்க அருங்காட்சியகங்களில் வரிசையில் நின்றார்கள். விளையாட்டில் வரும் வாள்களில் ஒன்றான, கியூஷுவின் அசோ கோயிலில் இருந்த 'ஹொத்தாருமாரு' என்ற பெரிய தாச்சி போருக்குப் பின் காணாமல் போயிருந்தது. 1336-இல் தோற்றுத் திரும்பிய அசோ கொரேசுமியின் கனவில், வாளில் விழுந்த முறிவுகளை மின்மினிகள் வந்து மொய்த்து அடைத்தன என்பது அதன் பெயர்க்கதை. அதைத் திரும்ப அடிக்க இணையத்தில் பணம் திரட்டினார்கள். கேட்டதைவிடப் பல மடங்கு சேர்ந்தது. இதற்கிடையே 2016-இல் குமமோதோ நிலநடுக்கம் கோயில் கட்டடங்கள் சிலவற்றைச் சாய்த்தது. வேலை நிற்கவில்லை. 2017-இல் புதிய வாளைக் கோயிலில் அர்ப்பணித்தார்கள்.

ஒசாஃபுனே இன்று செத்தோஉச்சி என்ற சிறிய நகரசபைக்குள் வருகிறது. போர்த்தலைவர் உயெசுகி கென்ஷின் வைத்திருந்த, தேசியச் செல்வமான 'சஞ்சோமோ' என்ற தாச்சி பிசென் மண்ணில் அடித்தது. அது விற்பனைக்கு வந்தபோது நகரசபை மக்களிடம் நன்கொடை திரட்டி, 50 கோடி யென் கொடுத்து 2020-இல் வாங்கிவிட்டது. பெரிய கொல்லர் மரபு வெள்ளத்தில் போன ஊர், நான்கு நூற்றாண்டு கழித்துத் தன் வாளைத் தேடி எடுத்த செய்தி அது.

டோக்கியோ போகும் வாய்ப்பு வாய்த்தால் தேசிய அருங்காட்சியகத்தின் முதன்மைக் கட்டடத்தில் வாள்களுக்கான அறையைத் தேடிப் போக வேண்டும். மூன்றாம்பிறை போன்ற குறிகள் ஹமோனை ஒட்டி மிதக்கும் 'மிக்கசுகி முனேச்சிக்கா' அந்த அருங்காட்சியகத்தின் சொத்து. எல்லா நாளும் காட்சியில் இருக்காது, விசாரித்துக்கொண்டு போவது நல்லது. கண்ணாடிப் பெட்டிக்கு முன் நேராக நின்றால் பளபளக்கும் இரும்பு மட்டும்தான் தெரியும். முழங்காலை மடக்கிக் கண்ணைத் தாழ்த்தி, மேலே எரியும் விளக்கின் ஒளி வாளின் மேல் விழும்படி தலையை மெல்ல நகர்த்த வேண்டும். ஒளி விழும் இடத்தில் ஹமோன் எழும்பி வரும். ஒளியை அப்படியே முனைவரை நடத்திச் சென்றால் கொல்லர் தடவிய களிமண்ணின் ஏற்ற இறக்கத்தை எஃகில் படிக்கலாம். பக்கத்து வாளிலும் அதையே செய்து பார்த்தால் இரண்டு ஊர்களின் வேறுபாடு முதல் நாளிலேயே பிடிபட்டுவிடும்.